அரசன் களஞ்சியமும் ஊரார் களஞ்சியமும்

மொராக்கோ நாட்டில் அரசு என்பதற்கு வழங்கும் சொல் 'மக்சன்' என்பதாகும். அரசனும், அவன் அமைச்சரும், எழுத்தரும், படைத்தலைவரும் ஆகிய எல்லாரும் சேர்ந்த தொகுதிக்கே அப்பெயர். ஆயின், அரபு மொழியில் அச்சொல்லின் நேர்ப்பொருள் களஞ்சியம் என்பதே. வரியாகத் தண்டிய கூலமும் பொருளும் குவிக்கப்பெறும் இடம் அது. குடிகளிடமிருந்து வருவதையெல்லாம் வாங்கி உள்ளே அடைத்துப் பூட்டும் அறை எதுவோ, அதுவே அரசு என்று அம்மக்கள் கண்டுகொண்டனர் போலும்! (இதே அரபுச் சொல்தான் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, முதற்கண் கிடங்கையும், பின்னர்ப் பல்வகைச் செய்திகளை அடைத்து வைத்த கிடங்கு என்னும் கருத்தில் 'மேகசீன்' என்று தாளிகையையும் குறிக்கலாயிற்று. அதுகொண்டு, தாளிகை நடத்துவோரின் களஞ்சியம் நிரம்பியிருப்பதாக அன்பர்கள் எவரும் எண்ணிவிட வேண்டா.)

1912-ஆம் ஆண்டில் பிரெஞ்சியர் அந்நாட்டைத் தம் காப்பாட்சிக்குள் கொணர்வதற்கு முன், மொராக்கோ இரு கூறாக வழங்கப்பெற்றது. ஒன்று, 'மக்சன் நாடு'. பெசு, மெக்னெசு, இரபாத்து, மராக்கெசு ஆகிய தலைநகர்களும், அவற்றைச் சூழ்ந்த சமவெளிகளும், அத்துலாந்திக்குக் கடலோரமும் அதனுள் அடங்கும். மற்றொன்று, 'சீபா நாடு'. வடக்கே இரீபு மலை, நடுவே அட்லசு மலைத்தொடர்கள், தெற்கே எதிர் அட்லசு, அதனையும் கடந்த சாகுரோ மலை, பாலைவெளியோரத்துப் பேரீந்துச் சோலைகள் ஆகிய இவை அதன்பாற் படும். அங்கு அரசன் தண்டலாளர் செல்வதில்லை. சென்றால் திரும்புவது உறுதியில்லை. 1883-84-ஆம் ஆண்டுகளில் யூத மறையாசிரியர் போல் உருமாறி அந்நாட்டைச் சுற்றிவந்த பிரெஞ்சியராகிய சார்லசு தெ பூக்கோ, அடங்கா நிலம் அடங்கிய நிலத்தைப்போல் நான்கு ஐந்து மடங்கு பெரிதென்று எழுதினார். அக்கணக்கு மிகையாகவும் இருக்கலாம். ஆனாலும், வரைபடத்தில் 'மொராக்கோப் பேரரசு' என்று ஒரே வண்ணம் தீட்டியவர்கள் உண்மையை வரையவில்லை என்பதற்கு அது போதிய சான்றாகும்.

அந்நிலத்தாரிற் பெரும்பாலோர் பெர்பர் மக்கள். இப்பெயர் அவர்கள் தமக்கு இட்டுக்கொண்டதன்று. தம் மொழி பேசாதாரை வாய் குழறுவார் என்று இகழ்ந்த கிரேக்கர் வழங்கிய சொல், உரோமர் வழியும் அரபியர் வழியும் அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. அவர்கள் தம்மை 'இமாசிகன்' என்பர். விடுதலையாளர் என்று அதற்குப் பொருள் கூறுவர். 'சீபா' என்னும் பெயரும் அத்தகையதே. கட்டவிழ்த்து விடப்பட்டது, மேய்ப்பாரற்றது என்னும் கருத்துடைய அரபு வேரினின்று பிறந்த சொல் அது. அரசன் எழுத்தர்கள் இட்ட பெயர். மேய்ப்பனுக்கு உரிய மந்தையாகக் குடிகளைக் கருதியவர்க்கன்றி, வேறெவர்க்கும் அப்பெயர் தோன்றியிராது. இப்பெயரை அவர்கள் வரலாற்றிற் பட்ட துன்பத்தோடு சேர்த்தே யாம் இங்கு ஆய விரும்புகின்றோம். என்னை? பின்னாளில் அம்மலைகளின்மேல் வானூர்தியும் பீரங்கியும் வந்திறங்கியபோது, வந்தவர் கையில் இருந்த உரிமையாவணம் அவ்வொரு சொல்லே.

சீபா மக்கள் அரசனை அறவே மறுத்தனர் என்று கொள்ளுதலும் தவறாகும். அவர்கள் மறுத்தவை மூன்று: அவன் கேட்ட வரி, அவன் வேண்டிய படையாள், அவன் அமர்த்திய 'காயிது' என்னும் ஆட்சித்தலைவன். நபியின் வழித்தோன்றல் என்னும் முறையில் அவனுக்குரிய சமயத் தலைமையை அவர்களிற் பெரும்பாலோர் மறுத்திலர். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அவன் பெயரை ஓதிய ஊரே, அவன் தண்டலாளனை எல்லையில் நிறுத்திற்று. இதனை முரண்பாடு என்று அயலார் எழுதினர். எமக்கு அதில் முரண் ஒன்றும் தோன்றவில்லை. வாழ்த்துப் பெறுவதற்கு ஒருவன் தகுதியுடையன் என்பதனாலேயே நம் பத்தாயத்துத் திறவுகோலுக்கும் அவன் உரியனாகிவிட மாட்டான் என்பதே அவர்தம் தெளிவு.

இதற்கோர் எடுத்துக்காட்டு. 1792 முதல் 1822 வரை ஆண்ட சுல்தான் மவுலாய் சுலைமான், நடு அட்லசுக் குடிகளை ஒடுக்கத் தாமே படைநடத்திச் சென்று, போரில் தோற்று, அவர்கள் கையில் சிறைப்பட்டார். பகைவேந்தன் கையிற் பட்டிருப்பின் அவர் தலை தப்பியிராது. மலைக்குடியினரோ அவரைச் சில நாள் விருந்தினரைப்போல் வைத்துப் போற்றிப் பின் மெக்னெசு நகருக்குக் காவலோடு அனுப்பிவைத்தனர். அவர் படை உடைந்தது, அவர் வரி ஒழிந்தது, அவர்மேல் இருந்த மதிப்போ குறைவுபடவில்லை.

இனி, மேய்ப்பாரற்ற அந்நிலம் எவ்வாறு நடந்தது என்பதைக் காண்போம். ஊர்தோறும் குடும்பத் தலைவர்கள் கூடும் மன்றம் இருந்தது. நீர்ப்பங்கீடு, மேய்ச்சல் நிலம் திறக்கும் நாள், பூசல், குருதியீடு ஆகிய எல்லாம் அங்கேயே தீர்க்கப்பெற்றன. நடு உயர் அட்லசில் வாழ்ந்த குடிகளைப்பற்றி எர்னெசுட்டு கெல்னர் என்னும் அறிஞர் ஆய்ந்து 1969-இல் வெளியிட்ட நூல், அவர்தம் தலைவர் தேர்வு முறையை விரிவாகக் கூறுகின்றது. தலைமை ஓராண்டுக்கு மட்டுமே. ஒரு குடியில் மூன்று கிளைகள் இருப்பின், தலைமை ஆண்டுதோறும் கிளைமாறிச் சுற்றிவரும். இவ்வாண்டு எக்கிளைக்குத் தலைமை முறை வருகின்றதோ, அக்கிளையார்க்கு அவ்வாண்டுத் தேர்வில் குரலில்லை. மற்றை இரு கிளையாரும் கூடி, அக்கிளையினின்று ஒருவரைத் தெரிந்தெடுப்பர். தன் கிளையாரைக் கூட்டி ஆரவாரம் செய்து ஒருவன் தலைவனாகிவிட முடியாது. அடுத்த கிளையார் மனங்கொள்ளும்படி நடப்பவனே தலைவனாவான். எவ்வளவு எளிய முறை! எவ்வளவு ஆழ்ந்த முன்னெச்சரிக்கை! அரசன் ஒருவன் தம்முள் தோன்றிவிடலாகாதென்று விழித்திருந்த மக்களே இத்தகையதொரு முறையை வகுத்திருத்தல் கூடும்.

குற்றத்தை ஆய்ந்து தீர்க்கும் முறையும் இவ்வாறே. கொலைப்பழி சாற்றப்பெற்றவன் தான் குற்றமற்றவன் என்று தனித்து நின்று சொன்னால் போதாது. அவன் தந்தைவழி உறவினர் குறித்த எண்ணிக்கையில் அவனொடு வந்து சூளுறவு செய்தல் வேண்டும். குற்றம் பெரிதாயின் அவ்வெண்ணிக்கையும் பெரிதாகும். ஒருவன் பின்வாங்கினும் சூள் உடைந்தது. பொய்ச்சூள் உரைத்தால் குலமே கெடும் என்னும் அச்சமும், கெட்டவனைத் தாங்குவதினும் அவனைக் கைவிட்டு ஈடு கொடுத்தலே நன்றென்னும் உறவினர் எண்ணமும் சேர்ந்து, காவலர் இல்லாத நிலத்தில் காவலாயின. கிளைகளுக்கிடையே தீராப் பூசல் எழுந்தால், படைக்கலம் ஏந்தாத அருளாளர் குடும்பத்தார் இடைநின்று தீர்ப்பர். வழிச்செல்வோன் தனித்துச் சென்றால் கொள்ளையிடப்படுவான். ஆனால், அக்குடியைச் சேர்ந்த ஒருவனுக்குச் சிறு கட்டணம் தந்து அவன் காப்பிற் சென்றால், எல்லை மட்டும் எவரும் அவனைத் தொடார். பூக்கோ அந்நிலத்தை நடந்து கடந்ததும் இத்தகைய காப்பினாலேயே. தொட்டால், அது காத்தவன் குடி முழுமைக்கும் இழைத்த மானக்கேடாகும்.

எனினும், எல்லாவற்றினும் எம் நெஞ்சைக் கவர்ந்தது எதிர் அட்லசு மலைநாட்டின் 'அகாதிர்' என்னும் பொதுக் களஞ்சியமே. (இன்று அப்பெயர் ஒரு துறைமுக நகருக்கு வழங்குகின்றது.) பாறை முகட்டிலோ, ஊர் நடுவிலோ கோட்டைபோல் எழுப்பிய கற்கட்டடம். உள்ளே ஒடுங்கிய நடைவழி. அதன் இருபுறமும் பல அடுக்குகளாகச் சிறு சிறு அறைகள். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. மேலடுக்குக்கு ஏறச் சுவரில் நீட்டிய கற்களே படிகள். பார்லியும், வாதுமையும், எண்ணெயும், அணிகலமும், உரிமை ஆவணங்களும் அங்கே வைக்கப்பெறும். வாயிலில் ஊரார் அமர்த்திய காவலன் இருப்பான்; அவனுக்கு ஊதியம் கூலமாக அளக்கப்பெறும். அறைக்குரியவன் தவிர வேறொருவன் அவ்வறைக் கதவைத் தொட்டால் தண்டம்; களஞ்சியத்துள் பூசலிட்டால் தண்டம்; காவலன் கடமையில் தவறினாலும் தண்டம். இத்தகைய விதிகளை மரப்பலகைகளிலும் தாள்களிலும் எழுதிவைத்தனர். அப்பலகைகளுட் சில பின்னர் அறிஞர் கைக்கு வந்தன. படித்தோர் வியந்தனர். எழுதா வழக்கும் வாளும் மட்டுமே உடையார் என்று கருதப்பெற்ற மலைமக்கள், தம் சட்டத்தைத் தாமே எழுதித் தம் களஞ்சியத்திலேயே காத்து வைத்திருந்தனர்.

அரசனிடமும் களஞ்சியம் இருந்தது. மலையாரிடமும் களஞ்சியம் இருந்தது. முன்னதில் உள்ளே சென்ற கூலம் குடிகளுக்கு மீளாது. பின்னதில் அறை ஒவ்வொன்றும் தனித்தனிக் குடும்பத்திற்கு உரியது. சுவரும் வாயிலும் காவலுமே பொது. முன்னதற்கு அரசு என்று பெயராயிற்று. பின்னதை வைத்து வாழ்ந்தோர்க்கு ஒழுங்கற்றோர் என்று பெயராயிற்று!

ஒன்றைப் போற்றப் புகுந்து உண்மையை மறைத்தல் எமக்கு உடன்பாடன்று. அம்மலைகள் பொன்னுலகமாக இருந்ததில்லை. குருதிப்பழி தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஊர்கள் பல. இரீபு மலையில் ஒவ்வொரு வீடும் தனித்துத் தொலைவில் நின்றதற்கு அண்டை வீட்டான் துமுக்கியே கரணியம் என்பர். வழக்காற்றுச் சட்டம் பல இடங்களில் பெண்டிர்க்குத் தந்தை சொத்தில் பங்கு தரவில்லை. இசுலாமியச் சட்டம் தந்த அளவும் தரவில்லை. பாலையோரச் சோலைகளில் உழைத்த கருநிற மக்களுக்கு மன்றத்தில் இடமில்லை. விடுதலையாளர் என்று தம்மைக் கூறிக்கொண்டோர் பிறர்க்கு அதனை மறுத்த இடங்களை மறவாமல் சொல்லியாதல் வேண்டும்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். மக்சன் நாடு என்றால் அரபியர் நாடு, சீபா நாடு என்றால் பெர்பர் நாடு என்று கோடு கிழித்துக் காட்டியோர் பிரெஞ்சு எழுத்தாளர் பலர். அது பிழை. வரி கொடுத்த பெர்பர் குடிகளும் உண்டு. கொடாத அரபுக் குடிகளும் உண்டு. அரசனின் படையிலேயே பெர்பர் வீரர் இருந்தனர். எல்லையும் நிலையானதன்று. வலிய அரசன் வந்தால் அது மலையடிவாரம் ஏறும். அவன் மறைந்தால் நகர்வாயில் மட்டும் இறங்கும். 1672 முதல் 1727 வரை ஆண்ட மவுலாய் இசுமாயில், கருநிற அடிமைப் படையும் கோட்டைகளும் கொண்டு மலைகளை நெருக்கினார். அவர் மறைந்தபின் முப்பதாண்டுக் காலம் அப்படையே அரசர்களை ஏற்றியும் இறக்கியும் விளையாடிற்று.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட முதலாம் அசன், தம் ஆட்சிக்காலத்தின் பெரும்பகுதியைக் கூடாரத்திலேயே கழித்தார். அமைச்சரும், எழுத்தரும், படையும் புடைசூழ, ஊர் ஊராகச் சென்று வரி தண்டினார். அரசு என்னும் களஞ்சியம் கால்முளைத்து நடந்தது எனலாம். 1893-இல் தாபிலால்த்துச் சோலைகளுக்குச் சென்று மீள்கையில், பனி மூடிய உயர் அட்லசுக் கணவாயில் அவர் படை அல்லலுற்றது. அங்கே தெலுவெத்து என்னும் ஊரின் தலைவனாகிய மதனி எல் கிலாவி அவரை வரவேற்று உணவளித்தான். கைம்மாறாகச் சுல்தான் அவனுக்கு அளித்தவற்றுள் ஒன்று, செருமானியக் கிரப்பு பீரங்கி. ஆண்டுக்கொரு தலைவனைத் தெரிந்த மலைக்குடிகளின் நடுவே ஒருவன் கையில் மட்டும் பீரங்கி இருந்தால் என்னவாகும்? சுற்றியிருந்த மண்கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கிலாவிக் குடும்பம் தெற்கு மலைகளின் கொடுங்கோலாயிற்று. பின்னர்ப் பிரெஞ்சியர்க்குத் தோளாகவும் ஆயிற்று. அடுத்த ஆண்டே, 1894-இல், தாத்லாப் பகுதியிற் படைநடத்திச் சென்ற அசன் இறந்தார். செய்தி வெளிப்பட்டால் குடிகள் பாய்வர் என்று அஞ்சிய அவர் அமைச்சர், இறந்த அரசர் உயிரோடிருப்பதாகவே காட்டிப் பிணத்தைப் பல்லக்கிற் கொண்டுசென்ற நிகழ்ச்சி எல்லாரும் அறிந்ததே.

அவர் மகன் அப்துல் அசீசு 1901-இல் பழைய வரிகளை நீக்கி, எல்லார்க்கும் பொதுவான புது வரி ஒன்றை அறிவித்தார். குடிகள் பழையதையும் நிறுத்தினர், புதியதையும் கொடுத்திலர். களஞ்சியம் வெறிதாயிற்று. பிரெஞ்சு வைப்பகங்களிற் கடன் வாங்கினார். கடனுக்குச் சுங்க வருவாய் அடகாயிற்று. அவரை வீழ்த்தி அரியணை ஏறிய உடன்பிறப்பாகிய அப்துல் அபீசை 1911-இல் குடிகள் பெசு நகருள் முற்றுகையிட்டனர். தம் குடிகளிடமிருந்து தம்மைக் காக்க அவர் பிரெஞ்சுப் படையை அழைத்தார். படை வந்தது, வந்தது திரும்பவில்லை. 1912 மார்ச்சு 30-ஆம் நாள் பெசு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அரசன் களஞ்சியத்துத் திறவுகோல் பாரிசு நகரத்தார் கைக்குப் போயிற்று. ஊரார் களஞ்சியங்களின் திறவுகோல்களோ இன்னும் ஊரார் இடுப்பிலேயே இருந்தன.

இங்கேதான் 'சீபா' என்னும் சொல் தன் கொடுந்தொழிலைத் தொடங்கிற்று. சுல்தானுக்கு அடங்காத நாட்டைச் சுல்தானின் பெயரால் அடக்குகின்றோம் என்றனர் பிரெஞ்சியர். 'அமைதிப்படுத்தல்' என்று அதற்கு இனிய பெயரும் இட்டனர். அவ்வமைதியை ஏற்படுத்த 1934 வரை இருபத்திரண்டு ஆண்டுகள் போர் செய்ய வேண்டியிருந்தது! எந்தச் சுல்தானும் ஆளாத நிலத்தை, அச்சுல்தான் எழுதிக்கொடுத்த தாளைக் காட்டி வென்றனர். 1914 நவம்பர் 13-ஆம் நாள் எல் எரி என்னுமிடத்தில் மொகா ஊ அம்முவின் சயான் குடியினர் பிரெஞ்சுப் படையணி ஒன்றை வளைத்து, 600-க்கு மேற்பட்டோரை வீழ்த்தினர். இரீபு மலையில் 1921 சூலையில் அப்துல் கரீமின் படை அனுவால் என்னுமிடத்தில் எசுப்பானியப் படையை உடைத்தது. அப்போர்த்தொடரில் எசுப்பானியர் இழந்த உயிர்கள் எண்ணாயிரத்திற்குக் குறையா. குருதிப்பழியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த குடிகளை, அப்பழியைத் தடைசெய்து ஒன்றாக்கிக் குடியரசு கண்டவர் அவர். அக்குடியரசை வீழ்த்த இரு ஐரோப்பிய அரசுகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. எசுப்பானியர் நச்சுவளிக் குண்டும் வீசினர். 1926 மே திங்களில் அவர் பணிந்தார். இரெயூனியன் தீவில் இருபதாண்டுக்கு மேல் சிறையிருந்து, 1947-இல் எகிபதுக்குத் தப்பிச்சென்று, 1963-இல் கெய்ரோவில் மறைந்தார்.

இறுதியாக எஞ்சியவற்றுள் ஒன்று சாகுரோ மலை. 1933 பிப்பிரவரித் திங்களில் ஆயித்து அத்தாக் குடியினர் அசு ஊ பசுலாமின் தலைமையில் பூ காபெர் முகடுகளில் ஏறி நின்றனர். பெண்டிரும் பிள்ளைகளும் ஆட்டுமந்தைகளும் உடன் சென்றனர். கீழே பீரங்கி, மேலே வானூர்தி, சுனைகள் பகைவர் கையில். பெண்டிர் நீரும் குண்டும் சுமந்தனர், பாறைகளை உருட்டினர். ஏறத்தாழ ஆறு கிழமை தாங்கி, மார்ச்சு 25-இல் இறங்கினர். இறங்கும்போது அவர்கள் கேட்ட கட்டுறவுகளைக் கேண்மின்: எங்கள் வழக்காற்றுச் சட்டம் எங்களுக்கே இருத்தல் வேண்டும், கிலாவியை எங்கள்மேல் வைத்தல் கூடாது, அவன் விழாக்களில் எங்கள் பெண்டிரை ஆடப்பாட அழைத்தல் கூடாது. தோற்றவன் பொன் கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. தன் மன்றத்தைக் கேட்டான்.

பிரெஞ்சியர் அவ்வழக்காற்றை மதித்தனர் என்று சொல்வாருமுளர். 1930 மே 16-ஆம் நாள் ஆணையால் பெர்பர் வழக்கு மன்றங்களை அவர்கள் ஏற்றது மெய்யே. ஆயின், அதன் உள்நோக்கம் பெர்பரையும் அரபியரையும் பிரித்து நிறுத்துவது. விளைவு என்ன? நகரங்களில் எழுந்த நாட்டுரிமை இயக்கம், பெர்பர் வழக்காற்றையே அயலான் சூழ்ச்சி என்று ஐயுறத் தொடங்கிற்று. 1956-இல் நாடு விடுதலையுற்றபோது அவ்வழக்கு மன்றங்கள் ஒழிந்தன. பள்ளியில் அரபு வந்தது, பிரெஞ்சும் நின்றது, மலைமொழிக்கு மட்டும் இடமில்லாது போயிற்று. 1958-59-இல் இரீபு மக்கள் கிளர்ந்தபோது, விடுதலை பெற்ற நாட்டின் படையே அவர்களை ஒடுக்கிற்று. 2016-17-இல் அவர்கள் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் கேட்டுத் தெருவில் நின்றபோது, அப்துல் கரீமின் குடியரசுக் கொடியும் உடன் பறந்தது. 2018-இல் அவ்வெழுச்சியின் முன்னோடிகளுக்கு இருபதாண்டு வரை சிறை விதிக்கப்பெற்றது. ஆள்வோரை அம்மக்கள் இன்றும் 'மக்சன்' என்றே அழைக்கின்றனர்.

மொழிக்கு ஓரளவு வழி பிறந்துள்ளது. 2003-இல் பழைய திபினாக்கு எழுத்து பள்ளிக்கு ஏற்கப்பெற்றது. பெர்பர்ப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடவொட்டாமல் பதிவாளர் பலர் மறுத்துவந்த நிலைக்கு எதிராக 2010-இல் அரசாணை பிறந்தது. 2011 அரசியற் சட்டம் தமாசிக்கு மொழியை ஆட்சிமொழியாக ஏற்றது. ஆயின், 2004-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மொழி பேசுவோர் நூற்றுக்கு 28 பேர். 2024-இல் 25-க்கும் குறைவு. கணக்கே தவறென்று அம்மொழி இயக்கத்தார் வாதிடுகின்றனர். அமைச்சகங்களின் முகப்புகளில் திபினாக்கு எழுத்து அழகுறப் பொறிக்கப்பெற்றுள்ளது. உள்ளே தாள்கள் பெரும்பாலும் அரபிலும் பிரெஞ்சிலுமே எழுதப்படுகின்றன. அதனை மாற்ற 2019-இல் இயற்றிய சட்டம் ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் என மூன்று தவணை வகுத்தது. முதல் தவணை 2024-இல் முடிந்துவிட்டது.